இருபதாம் நூற்றாண்டுல மதுரையத் திருப்பிப் போட்ட நாள்னா எதைச் சொல்வீங்க?

திருமங்கலத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் நூலகத்துல லீவு நாள்ல ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தலைப்புல பேசுறோம். எனக்கு வந்தது "இருபதாம் நூற்றாண்டின் திருப்புமுனை நாட்கள்". 1945 ஹிரோஷிமா, 1947 ஆகஸ்ட் 15, 1989 பெர்லின் சுவர் எல்லாம் பிள்ளைக ஏற்கனவே மார்க்குக்கு மனப்பாடம் பண்ணிருச்சுக, அதையே திரும்ப ஒப்பிக்க எனக்கு மனசில்ல. பஸ் ஏறிப் போயி நின்னு பாக்கக்கூடிய எடத்துல நடந்த ஒரு நாளைச் சொன்னா வரலாறு நம்ம தெருவுலயும் நடந்துருக்குன்னு அதுகளுக்குத் தெரியும்ல.

என் கையில மூணு நாள் இருக்கு. 1921 செப்டம்பர் 22, காந்தி மேலமாசி வீதி வீட்டுல வச்சு வேட்டி சட்டைய விட்டுட்டு அரையாடைக்கு மாறுன நாள். 1939 ஜூலை 8, அதுவரைக்கும் உள்ள விடாம வச்சிருந்த சாதிக்காரங்க மீனாட்சியம்மன் கோயிலுக்குள்ள நுழைஞ்ச நாள். 1965 ஜனவரி 25, இந்தி எதிர்ப்பு. மொத்தமே ஒரு மணி நேரம்தான் குடுத்துருக்காங்க, மூணையும் தொட்டா மூணும் அரைகுறையாப் போயிரும், அதனால ஒண்ணுதான் எடுக்கணும். எதை எடுக்கலாம்?

இன்னொன்னு, சட்டம் வந்த பிறகுதான் 1939ல உள்ள போனாங்கன்னு எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு. நூலகர் அய்யா அப்ப சட்டமே இல்லங்கறாரு. எது சரி?

மாசிவீதி வாசி:

என் ஓட்டு 1965க்குத்தான் சார். 26ம் தேதியில இருந்து இந்தி மட்டும்தான் ஆட்சிமொழின்னு ஆகப் போகுது, அந்த 26ஐ திமுக துக்க நாளா அறிவிச்சிருச்சு, ஆனா மதுரை மாணவர்கள் அதுக்கு முந்தின நாளே தெருவுல எறங்கிட்டாங்க. அரசியல் சட்டத்துல ஆட்சிமொழி பத்தின 17வது பகுதிய எரிக்கிறதுக்காகப் போன ஊர்வலம் அது. வழியில காங்கிரஸ்காரங்களோட வாய்த்தகராறா ஆரம்பிச்சது கைகலப்பாகி கலவரமாகி மாகாணம் முழுக்கப் பரவிருச்சு, ரெண்டு மாசம் அடங்கல. அரசாங்கக் கணக்குலயே எழுபது பேர் கிட்ட செத்துருக்காங்க. மத்திய மந்திரிங்க சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா குடுத்தாங்க, பிப்ரவரி 11ம் தேதி லால் பகதூர் சாஸ்திரி ரேடியோவுல வந்து இங்கிலீஷ் தொடரும்னு உறுதி குடுக்க வேண்டியதாப் போச்சு. 1967ல ஆட்சியே மாறிருச்சு, விருதுநகர்ல காமராஜரே தோத்தாரு.

எங்க சித்தப்பா அப்ப காலேஜ்ல படிச்சவர். அந்த வாரத்தப் பத்தி வீட்டுல யார் கேட்டாலும் அவருக்குத் தொண்டை அடைச்சுக்கும். நீங்க பேசப் போற பிள்ளைகளுக்கு அன்னைக்கு ஊர்வலம் போனவங்க வயசுதான், நாலஞ்சு வயசு கூட இருக்கும். அதுக்காகவே இதைச் சொல்லுங்க.

மேலூர்ப் பேரன்:

மொதல்ல உங்க ரெண்டாவது கேள்வி. உங்க நூலகர் சொல்றதுதான் சரி, மதுரைக் கோயிலுக்குள்ள போற உரிமையக் குடுக்குற சட்டம் 1939 ஜூலை 8 அன்னைக்குக் கிடையாது. அது இல்லாமப் போனாங்கங்கறதுதான் அந்த நாளோட முழுப் பெறுமதியும், அதை விட்டுட்டு "கோயில் திறந்தாங்க, எல்லாரும் போனாங்க"ன்னு சொல்லிட்டா பிள்ளைகளுக்கு ஒண்ணுமே புரியாது.

சட்டம் உள்ள விடாதவங்க பக்கம் இருந்துச்சு, அதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்லுங்க. கமுதியில மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள்ள நாடார்கள் 1897ல போனாங்க, அதை எதிர்த்து ராமநாதபுரம் ராஜா வழக்குப் போட்டாரு, அது கோர்ட் கோர்ட்டா ஏறி, அப்ப எல்லாத்துக்கும் மேல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு, 1908ல நாடார்களுக்கு உரிமை இல்லன்னு கடைசித் தீர்ப்பு வந்துச்சு. அப்ப என்ன அர்த்தம்? வழக்கத்த மீறி யாரை உள்ள விட்டாலும், போனவங்க மேலயும் வழக்கு வரும், விட்ட அதிகாரி மேலயும் வழக்கு வரும். 1936ல திருவிதாங்கூர்ல மகாராஜாவே பிரகடனம் போட்டுக் கோயிலத் திறந்தாரு, அங்க ராஜா உத்தரவு இருந்துச்சு. மதுரையில அப்பிடி எந்த உத்தரவும் கையில இல்ல.

அந்த நிலைமையிலதான் வக்கீல் வைத்தியநாத அய்யர், தீண்டாமைய ஒழிக்கக் காந்தி ஆரம்பிச்ச ஹரிஜன சேவா சங்கத்தோட தமிழ்நாட்டுத் தலைவர், அஞ்சு தாழ்த்தப்பட்ட தோழர்களையும் விருதுநகர் சண்முக நாடாரையும் கூட்டிக்கிட்டு காலையில கோயிலுக்குப் போறாரு. கமுதி வழக்கத் தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கூட்டத்துல ஒரு நாடார் ஏன் இருந்தாருன்னு சொல்ல வேண்டியதில்ல. வக்கீலுக்கு அந்தத் தீர்ப்பு தெரியாமலா இருக்கும், தெரிஞ்சுதான் போனாரு. கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு தடுக்கல, மரியாதையோட வரவேத்து உள்ள விட்டாரு. என்னயக் கேட்டா அன்னைக்கு அவர் எடுத்த ரிஸ்க்கப் பத்தி யாருமே போதுமான அளவு பேசுறதில்ல, பதவியில இருக்குற ஆளு, நாளைக்கு வழக்கு வந்தா மொத ஆளா அவர் பேருதான் இருக்கும்.

அப்பறம் சும்மா இருந்தாங்களா? சில பட்டர்கள் தீட்டுக் கழிச்சுச் சுத்தம் பண்ணாமப் பூசை பண்ண மாட்டோம்னு நின்னாங்க. எதிர்ப்பாளர்கள்ல ஒரு பகுதி கோயிலுக்கு வர்றதையே நிறுத்திட்டு வேற எடத்துல தனியா மீனாட்சிய வச்சுக் கும்பிட்டாங்க. வழக்கும் போட்டாங்க. அதுக்கப்பறம்தான் ராஜாஜி அரசாங்கம் அவசரச் சட்டம் கொண்டாந்துச்சு, செப்டம்பர்ல அது முறையான சட்டமாச்சு, நடந்து முடிஞ்ச நுழைவுக்கும் அதுக்குத் துணை நின்னவங்களுக்கும் சேத்துப் பாதுகாப்பு குடுத்த சட்டம். மாகாணம் முழுக்க எல்லாக் கோயிலுக்கும் உரிமைன்னு சட்டம் வந்தது 1947ல. உங்க ஊர்ப் பெரியவர் மனசுல இருக்கறது இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கணும்.

அந்த அஞ்சு பேர்ல ஒருத்தர் எங்க தும்பைப்பட்டி கக்கன். அப்ப முப்பதை ஒட்டுன வயசு. மேல 1965 பத்தி எழுதுன நண்பருக்கு ஒண்ணு சொல்லணும், நீங்க சொல்ற அந்த ஜனவரியில மாகாணத்தோட போலீஸ் மந்திரி யாரு தெரியுமா? அதே கக்கன்தான், 1963ல இருந்து உள்துறை அவர் கையில. கோயில் வாசல்ல அடி விழுமோன்னு தெரியாமக் கால் வச்ச மனுஷன், இருபத்தஞ்சு வருசம் கழிச்சு அதே ஊர்ல மாணவர்கள் எறங்குறப்ப லத்தி பிடிக்கிற இலாகாவோட தலைவர். 1967ல அவரும் தோத்தாரு. அவர் நேர்மையப் பத்தி எதிர்க்கட்சிக்காரங்ககூட இன்னைக்கு வரைக்கும் ஒரு சொல் குறைச்சுப் பேச மாட்டாங்க, ஆனா அந்த வருசம் ஜனங்க கோபத்துக்கு அதெல்லாம் கணக்குல வரல. ஒரு மணி நேரம்தான் இருக்குன்னா இந்த ஒரு மனுஷனப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு நாளையும் சொல்லிரலாம்.

உசிலைச் சீமை:

மூணு தேதியிலயும் எங்க பக்கம் வரலயே அண்ணே. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர். திருமங்கலத்துல இருந்து அது ஒண்ணும் தூரமில்ல, உங்க பிள்ளைகள்ல பாதிக்கு அங்கதான் சொந்தபந்தம் இருக்கும்.

குற்றப் பரம்பரைச் சட்டத்துல பிறமலைக் கள்ளர்கள ஊர் ஊராப் பதிவு பண்ணி ஆம்பளைக எல்லார்ட்டயும் கைரேகை எடுக்க வந்தாங்க. தப்பு பண்ணவன்னு இல்ல, அந்த சாதியில பொறந்தாப் போதும். ரேகை குடுக்க மாட்டோம்னு ஊரே நின்னுச்சு, போலீஸ் சுட்டதுல மாயக்காள் உட்பட 16 பேர் செத்தாங்க. குண்டடி பட்டுக் கெடந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கப் போன அம்மா அது. ஜாலியன்வாலா பாக் நடந்து முழுசா ஒரு வருசம்கூட ஆகல, அது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு, இது எத்தனை புத்தகத்துல இருக்கு?

எங்க தாத்தா காலத்துல பொழுது சாஞ்சா ஸ்டேஷனுக்குப் போயி ஆஜர் குடுக்கணும், ராத்திரி அங்கயேதான் படுக்கணும். வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டுன்னு ஒரு அனுமதிச் சீட்டு வேணும். கல்யாண வீட்டுக்குப் போறவர்கூட அதை மடிச்சு இடுப்பு வேட்டியில சொருகிக்கிட்டுப் போவாராம், வழியில எந்த போலீஸ்காரர் கேட்டாலும் எடுத்து நீட்டணும். பெருவிரல்ல மை காயுறதுக்குள்ள அடுத்த நாள் வந்துரும்னு அப்பத்தா சொல்லும். மாகாணத்துல அந்தச் சட்டம் போனதே 1947லதான்.

கோயில் நுழைவு பெரிய நாள்தான், நான் ஒரு சொல்லும் குறைச்சுச் சொல்லல. ஆனா அன்னைக்குக் கூட நின்ன தலைவர்கள் பேரு நமக்குத் தெரியும், போட்டோ இருக்கு. பெருங்காமநல்லூர்ல தலைவரே கிடையாது, சம்சாரிங்க மட்டும்தான். அதனாலதான் யாராவது வருசா வருசம் எடுத்துச் சொல்லிக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு.

திருமங்கலத்தான்:

உசிலைத் தம்பி, நீங்க சொன்னதப் படிச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலை ஓடல. வர்ற பிள்ளைகள்ல அந்தப் பக்கத்துப் பிள்ளைக இருக்குறது உண்மைதான்.

மேலூர் அய்யா, கமுதி வழக்கு எனக்கு இதுவரைக்கும் தெரியாது. 1908 தீர்ப்புல ஆரம்பிச்சு 1939 வழியா 1947க்குப் போனா ஒரு மணி நேரம் சரியா இருக்கும்னு தோணுது. 1920ஐ அதோட சேக்கலாமா, இல்ல தனியா ஒரு நாள் கேக்கட்டுமா?

மேலூர்ப் பேரன்:

தனியாக் கேளுங்க. ரெண்டுலயும் சட்டம் ஜனங்களுக்கு எதிராத்தான் இருந்துச்சு, ஆனா ஒரு எடத்துல அதிகாரி கதவத் திறந்தாரு, இன்னொரு எடத்துல துப்பாக்கியத் தூக்குனாங்க. ஒரே மூச்சுல சொன்னா ரெண்டாவதுக்கு நேரம் பத்தாது, செத்தவங்களுக்கு அது மரியாதையும் இல்ல.

1921ஐயும் ஒரேயடியா விட்டுறாதீங்க. அக்டோபர் 31 வரைக்குமாவது இப்பிடி இருக்கேன்னு சொல்லித்தான் காந்தி அன்னைக்கு மேலாடைய விட்டாரு, கடைசி வரைக்கும் திரும்பப் போடல. அவ்ளோ பிடிப்பான மனுஷன், இந்த மீனாட்சி கோயிலுக்குள்ள கால் வச்சது 1946ல, எல்லாரும் போகலாம்னு ஆன பிறகுதான். உங்க பேச்சுல அதுக்கு ரெண்டு நிமிசம் போதும்.

மாசிவீதி வாசி:

பிள்ளைகள மதுரைக்குக் கூட்டியாந்தீங்கன்னா மேலமாசி வீதி 251ம் நம்பர் வீட்டக் காட்டிட்டு, அப்பிடியே நடந்து கோயிலுக்குப் போயிரலாம், பக்கம்தான். தும்பைப்பட்டி கக்கன் மணிமண்டபம் மேலூர் தாண்டி திருச்சி ரோட்டுல இருக்கு, அதுக்குத் தனியா ஒரு வேன் வேணும். 1965ப் பத்திப் பேச ஆள் வேணும்னா சொல்லுங்க, சித்தப்பாட்ட நான் கேட்டுப் பாக்குறேன், பிள்ளைக முன்னாடின்னா பேசுவாருன்னு நம்பிக்கை இருக்கு.