யாராவது வந்தாலே மேல பாயுற நாய், என்னதான் பண்றது?

ஜிம்மி வீடு:
எங்க லேப்ரடார் ஜிம்மிக்கு 14 மாசம், 28 கிலோ. பெல் அடிச்சா போதும், எங்க தூங்கிட்டிருந்தாலும் ஓடி வந்து கதவைப் பிராண்டும், திறந்ததும் வர்றவங்க நெஞ்சுல ரெண்டு காலையும் தூக்கி வச்சுடும். கடிக்கவே கடிக்காது, எல்லாம் பாசம்தான், ஆனா போன வாரம் பெரியம்மா தடுமாறி செவுத்தைப் பிடிச்சு நின்னாங்க, அதுல இருந்து அவங்க போன்லயே பேசிக்கிறாங்க. "இறங்கு இறங்கு"ன்னு கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். முட்டியால நெஞ்சுல ஒண்ணு வைங்கன்னு ஒருத்தர் சொன்னாரு, மனசு வரல.

வாலாட்டி:
நல்லவேளை பண்ணல. அடி பட்டா வர்ற ஆளைப் பார்த்தே பயம் வந்துடும், அப்புறம் அது வேற பிரச்சினை. நீங்க கத்துறதும் கையால தள்ளுறதும் அதுக்கு விளையாட்டு மாதிரி, "ஆஹா என்னைக் கவனிக்கிறாங்க"ன்னுதான் நினைச்சுக்கும். குட்டியா இருக்கும்போது இதே மாதிரி ஏறினப்போ எல்லாரும் தூக்கிக் கொஞ்சினீங்கதானே? அது மறக்கல 😄
நாலு காலும் தரையில இருந்தா மட்டும் தடவுங்க, துண்டு பிஸ்கட்டையும் தரையிலயே போடுங்க, தலை கீழ போயிடும். காலைத் தூக்கினா பேசாம திரும்பி நின்னுக்கணும், கண்ணைக்கூட பார்க்கக்கூடாது. வீட்டுல ஒருத்தர் மட்டும் செல்லம் கொடுத்தாலும் எல்லாம் வீண்.

ராத்திரி வாக்கிங்:
கண்டுக்காம விட்டுப் பார்த்தேன்ங்க, பத்து நாள்ல இன்னும் மோசமா குதிச்சது, நான் விட்டுட்டேன்.

வாலாட்டி:
அங்கதான் தப்பு. இவ்வளவு நாள் பலிச்ச வித்தை திடீர்னு பலிக்கலன்னா முதல்ல இன்னும் வேகமாதான் ட்ரை பண்ணும், அந்த நேரம் பார்த்து கவனிச்சுட்டீங்கன்னா அவ்வளவு குதிச்சாதான் வேலை நடக்கும்னு கத்துக்கும். வெறுமனே கண்டுக்காம இருந்தாலும் பத்தாது, பதிலுக்கு என்ன செய்யணும்னு சொல்லித் தரணும்ல.

மூணு நாய் ஒரு வீடு:
பாயுற நாய்க்கு ஒரு பாய் போடுங்க, அவ்வளவுதான் 😀 கிண்டல் இல்ல. கதவுல இருந்து நாலடி தள்ளி ஒரு பாய், அதுல போய் உட்கார்ந்தா தீனி. அது நல்லா பழகினப்புறம் உங்க பெல் சத்தத்தை போன்ல ரெக்கார்ட் பண்ணி ரொம்ப சின்ன வால்யூம்ல போடுங்க, பாய்க்குப் போனா தீனி, மெதுவா சத்தத்தைக் கூட்டுங்க. ஒரு தடவைக்கு 5 நிமிஷம் போதும். பிறகு வீட்டு ஆளே வெளிய போய் பெல் அடிக்கட்டும், அதுக்கும் பிறகுதான் விருந்தாளி. பழகுற வரைக்கும் ஆள் வரும்போது லீஷ் போட்டு வைங்க, இல்ல உள் ரூம்ல விட்டுடுங்க, ஏன்னா ஒவ்வொரு தடவை பாயுறதும் அதுக்கு ஒரு பிராக்டிஸ்.
உறுமுது, உடம்பு விறைக்குதுன்னா மட்டும் இதை நம்பாதீங்க, அது பயமா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்க.

ஜிம்மி வீடு:
மூணு வாரம் ஆச்சு. நிஜ ஆள் வந்தா இன்னும் லீஷ் வேணும், ஆனா பெல்லுக்கு பாய் பழகிடுச்சு. நேத்து டிவி சீரியல்ல யாரோ பெல் அடிச்சாங்க, சார் எழுந்து போய் பாய்ல உட்கார்ந்துக்கிட்டு என் கையையே பார்க்கிறாரு. வேற வழி, கொடுத்தேன்.