ஏ.எஃப். நோயாளிக்கு அப்லேஷன்: முதலிலேயே செய்யலாமா, மாத்திரைக்குப் பிறகா?

தென்கரை:
துடிப்புக் கோளாறுகளில் பரவலாகக் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏ.எஃப். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். நாடி தாறுமாறாக ஓடும். மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

இதில் எனக்கு மிகப் பெரிய ஆய்வாகத் தெரிவது, பிரான்ஸில் போர்தோ நகர மருத்துவர் மிஷேல் ஐசகேரும் அவர் குழுவும் 1998இல் வெளியிட்டது. மேலறை முழுக்க மின் அலைகள் கண்டபடி சுற்றுவதுதான் நோய் என்று அதுவரை பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அதனால்தான் 1987இல் ஜேம்ஸ் காக்ஸ் தொடங்கிய அறுவை சிகிச்சையில் மேலறையையே பல கோடுகளாக வெட்டித் தைத்தார்கள். ஐசகேர் குழு, மருந்துக்கு அடங்காத 45 நோயாளிகளின் இதயத்துக்குள் கதீட்டர்களை, அதாவது மெல்லிய நீளக் குழாய்களை, வைத்து, ஏ.எஃப். கிளம்பும் அந்த முதல் பொறி எங்கிருந்து வருகிறது என்று தேடியது. 69 இடங்கள் அகப்பட்டன. அவற்றில் 65, நுரையீரலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் சிரைகளுக்குள், 2 முதல் 4 செ.மீ. ஆழத்தில்! மேலறைத் தசை அந்தச் சிரைகளுக்குள்ளும் கொஞ்ச தூரம் படர்ந்திருக்கிறது; பொறி அங்கிருந்து வருகிறது. அந்த இடங்களைச் சுட்டதும், அதாவது அப்லேஷன் செய்ததும், 28 பேருக்கு, கண்காணித்த காலம் வரை, ஏ.எஃப். திரும்பவில்லை.

இன்னொன்று. 1995இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில் மௌரிட்ஸ் அலெசி குழு, ஆடுகளின் மேலறையில் மின் தூண்டல் கொடுத்துத் திரும்பத் திரும்ப ஏ.எஃப். வரவழைத்தது. முதலில் சில நொடிகளில் தானே நின்றது, போகப் போக நிற்காமல் தொடர ஆரம்பித்தது. நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. பொறி எங்கே என்று தெரியும், தாமதித்தால் முற்றும் என்றும் தெரியும். அப்புறம் எதற்கு வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் காத்திருப்பது? அப்லேஷனை முதல் சிகிச்சையாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஈசிஜி_தாள்:
தென்கரை, ஐசகேரின் ஆய்வு அபாரமானது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. அதிலிருந்து நீங்கள் தாவுகிற இடத்தைத்தான் ஏற்க முடியவில்லை. துடிப்பைச் சரிசெய்தால் ஆள் பிழைப்பார் என்று இந்தத் துறை ஏற்கெனவே ஒருமுறை நம்பியது. மாரடைப்பு வந்தவர்களுக்கு நடுநடுவே கூடுதல் துடிப்புகள் வந்தால் ஆபத்து அதிகம்; எனவே அவற்றை அடக்கினால் சாவு குறையும் என்று என்கைனைடு, ஃபிளெக்கைனைடு மாத்திரைகளைக் கொடுத்தார்கள். ஈசிஜி அழகாக மாறியது. ‘காஸ்ட்’ ஆய்வில் அதைச் சோதித்தபோது, மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர். மருந்து ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. அந்த முடிவு 1991இல் முழுதாக வெளிவந்தது. தாளில் கோடு நேரானதைப் பார்த்து யாராவது மகிழ்ந்தால் எனக்கு உடனே இந்த எண்கள்தான் ஞாபகம் வரும்.

அப்லேஷனுக்கும் அதே கேள்வியைக் கேட்டாகிவிட்டது. ‘கபானா’ ஆய்வு, 2019இல் வெளியானது. 10 நாடுகள், 2,204 நோயாளிகள், சீட்டுக் குலுக்கியது போல் இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு அப்லேஷன், மறு பாதிக்கு மருந்து. மரணம், முடக்கிப்போடும் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, இதயம் நின்றுபோதல் ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணினார்கள். அப்லேஷன் பக்கம் 8.0 சதவீதம், மருந்துப் பக்கம் 9.2. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் இது. உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபணமாகாத ஒரு வேலையை, இதயத்துக்குள் கருவியை விட்டுச் செய்கிற வேலையை, எல்லாருக்கும் முதல் சிகிச்சையாக எப்படிச் சொல்வது?

தென்கரை:
கபானாவை முழுதாகச் சொல்லுங்கள். மருந்துப் பக்கம் விழுந்தவர்களில் 27.5 சதவீதம் பேர் பிறகு அப்லேஷன் செய்துகொண்டார்கள். அப்லேஷன் பக்கம் விழுந்தவர்களில் 9 சதவீதத்துக்குமேல் அதைச் செய்துகொள்ளவே இல்லை. ஆனாலும் கணக்கில் அவரவர் விழுந்த பக்கத்திலேயே எண்ணினார்கள். உண்மையில் யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்று பிரித்துப் பார்த்தால் 7.0க்கு 10.9. மூன்றில் ஒரு பங்கு குறைவு. செய்யாத சிகிச்சையைச் செய்ததாக எண்ணிவிட்டுப் பலன் இல்லை என்பது எப்படி நியாயம்?

ஈசிஜி_தாள்:
இந்த வாதத்தைப் பலரும் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன்.

குலுக்கிப் பிரிப்பது எதற்கு? இரண்டு பக்கமும் வயது, சர்க்கரை, பிரஷர், நமக்கே தெரியாத நூறு விஷயங்கள் எல்லாம் சமமாக விழட்டும் என்பதற்கு. நீங்கள் ‘உண்மையில் யாருக்குச் செய்தார்கள்’ என்று மறுபடி பிரித்த கணமே அந்தச் சமநிலை போய்விடுகிறது. அப்லேஷன் பக்கம் விழுந்தும் செய்துகொள்ளாதவர்கள் யார்? சிலருக்கு உடல் தாங்காது என்று டாக்டர் தள்ளிப்போட்டிருப்பார். சிலர் தேதி வருவதற்குள் இறந்திருக்கலாம். அவர்களையெல்லாம் தூக்கி மருந்துக் கணக்கில் போட்டால், மருந்துப் பக்கம் மோசமாகத் தெரியாமல் என்ன செய்யும்? மறுபக்கத்திலிருந்து மாறி வந்தவர்களோ, கதீட்டர் மேஜைவரை உயிரோடும் தெம்போடும் வந்தவர்கள். ஆரோக்கியமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிட்டு அந்தப் பக்கம் ஜெயித்தது என்கிறோம்.

பக்கம் மாறியவர்களால் உண்மையான பலன் மங்கித் தெரிந்திருக்கலாம், அது சாத்தியம்தான். ஆனால் ‘மங்கியிருக்கலாம்’ என்பது ‘நிரூபித்துவிட்டோம்’ ஆகாது. ஆய்வுக்கு முன்பே எழுதி வைத்த கணக்கு எதுவோ அதன்படிதான் தீர்ப்பு. முடிவு பிடிக்கவில்லை என்று கணக்கை மாற்றுவது மருத்துவத்தில் ஆபத்தான பழக்கம்.

செவ்வாழை:
இதயத்துக்குள் கதீட்டர் விட்டுச் சிகிச்சை செய்யும் கேத் லேபில் டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். இருவருமே அப்லேஷனை ஒற்றை வார்த்தையில் சொல்லிக் கடக்கிறீர்கள், உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொடைச் சிரை வழியாகக் கதீட்டர் வலது மேலறைக்கு வரும். ஆனால் நுரையீரல் சிரைகள் திறப்பது இடது மேலறையில்; அங்கே போக நேர்வழி இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய சுவரில் ஊசியால் துளையிட்டுத்தான் கடக்க வேண்டும். அந்தச் சில நொடிகள் அறையில் யாரும் பேசமாட்டோம். ஊசி தவறினால் இதயத்தைச் சுற்றி ரத்தம் நிறைந்து இதயத்தை அழுத்தும், உடனே வடித்தாக வேண்டும். அப்புறம் ஒவ்வொரு சிரை வாயையும் சுற்றி வட்டமாகச் சுடுகிறோம், அல்லது பலூன் வைத்து உறையவைக்கிறோம். வயலுக்குத் தண்ணீர் போகிற மடையை அடைப்பது போலத்தான்; பொறி உள்ளே கிளம்பினாலும் மேலறைக்கு வராது. முன்பு ஐசகேர் செய்ததுபோல் சிரைக்குள் போய்ச் சுட்டால் சிரையே சுருங்கிவிடுகிறது என்று தெரிந்ததும், வாய்க்கு வெளியே வந்துவிட்டார்கள்.

மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய். சூடு அதில் பட்டுத் துளை விழுந்தால், மிக அபூர்வம்தான், ஆனால் பெரும்பாலும் உயிர் தப்பாது. நாங்கள் உணவுக்குழாயில் வெப்பமானியை விட்டு, அரை டிகிரி ஏறினாலும் குரல் கொடுப்போம். மின் துடிப்பால் தசையை மட்டும் செயலிழக்கச் செய்யும் புது முறைக்கு அமெரிக்காவில் 2023 கடைசியில் அனுமதி கிடைத்தது. இதில் உணவுக்குழாய் பயம் வெகுவாகக் குறைகிறது. வேலை முடிந்து ஸ்கிரீனில் சிரைக்குள்ளிருந்து வரும் சிக்னல் சட்டென்று மறைந்து தட்டையாகும்போது, ஒவ்வொரு முறையும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஈசிஜி_தாள்:
நன்றி செவ்வாழை. இவ்வளவு பெரிய ஏற்பாடு என்பதாலேயே எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. இதயத்துக்குள் போய்ச் சரிசெய்துவிட்டார்கள் என்ற நம்பிக்கையிலேயே பாதிப் படபடப்பு போய்விடலாம்.

தென்கரை:
அதையும் சோதித்துவிட்டார்கள். பிரிட்டனில் 126 நோயாளிகள், 2024இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்குப் பலூன் அப்லேஷன். மீதிப் பேருக்கு மயக்கம் கொடுத்து, உதரவிதான நரம்பை மட்டும் மின்சாரத்தால் தூண்டிவிட்டு அனுப்பினார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. தோலுக்கடியில் வைத்த சிறு கருவி ஆறு மாதம் எண்ணியது. அப்லேஷன் பக்கம் ஏ.எஃப். நேரம் 60 சதவீதம் குறைந்தது, பாசாங்குப் பக்கம் 35. நோயாளிகள் சொன்ன வாழ்க்கைத் தரத்திலும் பெரிய இடைவெளி. நம்பிக்கையைத் தாண்டி உண்மையான பலன் இருக்கிறது.

சாவைப் பற்றிக் கேட்டீர்கள். இதயம் பலவீனமான ஏ.எஃப். நோயாளிகள் 363 பேரிடம் செய்த ‘காசில்’ ஆய்வைப் பாருங்கள், 2018. மரணம் அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனைச் சேர்க்கை: அப்லேஷனில் 28.5 சதவீதம், மருந்தில் 44.6. மரணத்தை மட்டும் எடுத்தாலும் 13.4க்கு 25.

ஈசிஜி_தாள்:
இதயம் பலவீனமானவர்களுக்குச் செய்யலாம் என்பதில் நமக்குள் சண்டை இல்லை. படபடப்பால் படி ஏற முடியாமல் தவிப்பவருக்கும் செய்யுங்கள். நீங்கள் முதல் பதிவில் எழுதியது ‘முதல் சிகிச்சையாகவே’ என்று. வருடத்துக்கு இரண்டு முறை வந்து தானே நின்றுவிடும் ஏ.எஃப்.காரருக்கு எதற்கு இந்த ஊசி? அவர் குடிப்பவராக இருந்தால் முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் 140 பேரிடம் பார்த்தார்கள், 2020இல் வெளியானது: மதுவை விட்டவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஏ.எஃப். திரும்பியது, விடாதவர்களில் 73. நீங்கள் காட்டிய பாசாங்கு ஆய்வின் இடைவெளியும் இதுவும் ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் இல்லை. அதே நாட்டில் அடிலெய்டில் எடையைக் குறைத்தவர்களிடமும் நல்ல பலன் கண்டார்கள். எத்தனை பேருக்கு இதை உட்காரவைத்துச் சொல்கிறார்கள்?

தென்கரை:
சொல்ல வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எடை குறைகிறதா என்று பார்ப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். நோய் கண்டு ஒரு வருடத்துக்குள் துடிப்பைச் சீராக்க முனைந்த ‘ஈஸ்ட்’ ஆய்வு, 2,789 பேர், 2020. இதய மரணம், பக்கவாதம், இதயக் கோளாறுக்கான மருத்துவமனைச் சேர்க்கை மூன்றும் சேர்ந்து, 100 பேருக்கு ஆண்டுக்கு 5.0 என்பது 3.9 ஆனது.

ஈசிஜி_தாள்:
அந்த ஆய்வில் பெரும்பாலோருக்குத் துடிப்பைச் சீராக்கியது மாத்திரை! இரண்டு வருட முடிவில் அப்லேஷன் செய்திருந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சீக்கிரம் தொடங்கு என்பதற்கு அது சான்று, கதீட்டரை எடு என்பதற்கு அல்ல.

வைகைக்காரி:
இவ்வளவு நேரம் வாசித்தேன். என் அம்மாவுக்கும் ஏ.எஃப்., ஆனால் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியதால் வந்தது. நீங்கள் சொன்ன ஆய்வுகள் அவருக்குப் பொருந்துமா? ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுவதால், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு மாதாமாதம் பஸ் ஏறுகிறோம். ரத்தப் பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைக்கு மாற்றலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

தென்கரை:
அக்கா, பெரும்பாலும் பொருந்தாது. நாங்கள் பேசியது முக்கியமாக வால்வு அப்படிச் சுருங்காதவர்களைப் பற்றி. அம்மாவைப் போன்றவர்களுக்கென்றே ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவில் 24 நாடுகளில் ‘இன்விக்டஸ்’ ஆய்வு நடந்தது; 4,500க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். 2022இல் முடிவு வந்தது. புது மாத்திரையான ரிவராக்ஸபானைவிட வார்ஃபரின் வகை மருந்தில்தான் இறப்பு குறைவாக இருந்தது. வார்ஃபரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள்.

ஈசிஜி_தாள்:
இதில் தென்கரை சொல்வதே என் பதிலும். பஸ் சிரமத்தை டாக்டரிடமே சொல்லுங்கள் அக்கா, பக்கத்து ஊர் ஆய்வகத்தில் ஐ.என்.ஆர். பார்த்து முடிவைப் போனில் சொல்ல முடியுமா என்று கேட்கலாம். அடுத்த முறை போகும்போது வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். பலூன் வைத்து வால்வை விரிப்பது பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள்.