சய்யாரா எப்படி 'சய்யார்த்தி' ஆகிறது? குவைத் பேச்சு அரபியில் ஒரு சந்தேகம்

ஃபஹாஹீல் டிரைவர்:
குவைத்தில் வீட்டு டிரைவராக இருக்கிறேன். 'கித்தாப்' புத்தகம், 'கித்தாபி' என் புத்தகம். இது புரிகிறது. அதே கணக்கில் 'சய்யாரா' (வண்டி) என்பதற்கு 'சய்யாராயி' என்றுதானே வரணும்? ஆனால் பாபா (வீட்டு முதலாளி) சாவி கேட்கும்போது 'வேன் மிஃப்தாஹ் சய்யார்த்தி?' (என் வண்டிச் சாவி எங்கே?) என்கிறார். நடுவில் அந்த 'த்' எங்கிருந்து வருகிறது? இதுவரை 'என் வண்டி' என்பதற்கு 'சய்யாரா மால் அனா' என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஹவல்லி அண்ணன்:
தம்பி, எழுதிப் பார்த்தால் தெரியும். 'சய்யாரா'வின் கடைசி எழுத்து தா மர்பூத்தா, மேலே இரண்டு புள்ளி இருக்கும். தனியாகச் சொன்னால் 'ஆ' என்று முடியும். பின்னால் ஏதாவது ஒட்டினால் 'த்' வெளியே வந்துவிடும். 'மரம்' ஐ சேர்ந்தால் 'மரத்தை' ஆகிறதே, அந்த மாதிரி. ஆள் பெயர் வந்தாலும் இதே கதைதான்: சய்யாரத் பாபா.

ஒட்டு உயிரொலியில் தொடங்கினால் நடுவில் இருக்கும் 'அ' விழுந்துவிடும்:
சய்யார்த்தி (என்), சய்யார்த்திக் (ஆணிடம், உன்), சய்யார்த்திச் (பெண்ணிடம், உன்)

மெய்யில் தொடங்கினால் 'அ' அப்படியே நிற்கும்:
சய்யாரத்ஹா (அவளுடைய), சய்யாரத்னா (நம்), சய்யாரத்ஹும் (அவர்களுடைய)

'மால் அனா' நம்மவர்களும் வங்காளிகளும் பேசும் அரபி. குவைத்திகளும் 'மால்' சொல்வார்கள், ஆனால் 'இஸ்ஸய்யாரா மால்த்தி' என்பார்கள். பார், அங்கேயும் 'த்' வந்துவிட்டது.

ஃபஹாஹீல் டிரைவர்:
நன்றி அண்ணே. அப்போ பெண்பால் என்றாலே 'த்' போட்டுவிடலாமா?

கராஜ்காரன்:
போடாதீங்க பாய். ஆண்பாலா பெண்பாலா என்பது கணக்கில்லை, கடைசி எழுத்துதான் கணக்கு. 'உம்' (அம்மா) பெண்பால்தான், ஆனால் 'உம்மி'. 'ஏன்' (கண்) பெண்பால், 'ஏனி'. 'பிந்த்' (மகள்) 'பிந்த்தி' ஆகும்போது கேட்கும் 'த்' அந்தச் சொல்லின் சொந்த எழுத்து, புதிதாக வந்ததில்லை. 'ஆ'வில் முடிவதெல்லாம் தா மர்பூத்தாவும் இல்லை. மதியச் சாப்பாடு 'கதா', என் சாப்பாடு 'கதாய்'. அதில் 'த்தி' ஒட்டினால் சிரிப்பார்கள்.

இன்னொன்று. எங்கள் கராஜில் பாதிப் பேர் மிஸ்ரிகள் (எகிப்துக்காரர்கள்). அவர்கள் ஆணிடம் '-அக்', பெண்ணிடம் '-இக்' என்பார்கள். குவைத்தில் ஆணிடம் சொல்லும் '-இக்'கை அப்படியே மிஸ்ரி ஃபோர்மேனிடம் சொன்னால், அவர் காதில் பெண்ணை அழைத்த மாதிரி விழும். முறைத்தால் காரணம் அதுதான்!

ஃபஹாஹீல் டிரைவர்:
ஹாஹா, சரி பாய். பாபாவிடம் "வேன் மத்ரஸத் பிந்த்திக்?" என்று கேட்டால் 'உங்கள் மகளின் பள்ளி எங்கே' என்று வருமா?

ஹவல்லி அண்ணன்:
சரியாக வரும். மதாமிடம் (வீட்டு அம்மாவிடம்) கேட்டால் 'பிந்த்திச்'.