தலை எண்ணிக்கை சரி, ஆனால் ஆள் இல்லை: 12 மணி ஷிஃப்ட் அனுபவங்கள்

பாய்லர்_நைட்:
12 மணி ஷிஃப்டில் 2-2-3 டியூட்டி சார்ட் (இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஆஃப், மூன்று நாள் வேலை; அடுத்த வாரம் அப்படியே தலைகீழ்) வந்ததில் எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். 14 நாளில் ஏழே டியூட்டி, ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசியில் சேர்ந்தாற்போல மூன்று நாள் ஆஃப். ஆனால் அந்த ஒரு நைட் மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. சார்ட்படி ஆள் சரி. சான்றிதழ் உள்ள சீனியரை மட்டும், பக்கத்து யூனிட்டில் ஹெல்பர் வரவில்லை என்று அங்கே அனுப்பிவிட்டார்கள். விடியற்காலையில் பாய்லர் நீர்மட்ட அலாரம். பேனல் முன்னால் இரண்டு புதுப் பையன்கள். ஒருவன் கை, பாய்லருக்குத் தண்ணீர் விடும் ஃபீட் வால்வு மேல் போய் அப்படியே நின்றது; திறக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியவில்லை என்றால் தண்ணீர் விடவே கூடாது, நெருப்பைத்தான் நிறுத்த வேண்டும். தெரிகிறதா இல்லையா என்பதிலேயே அவனுக்குச் சந்தேகம். சீனியர் ஓடிவந்து பர்னரை அணைத்தார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

சார்ட்_போடுபவர்:
இதற்கு 12 மணி நேரத்தைக் குறை சொல்லாதீர்கள். எங்களிடமும் ஒரு ஃபிட்டரை இப்படி இரவல் கொடுத்த அன்றுதான் பம்ப் சீல் போனது. விடியும்வரை லைன் நின்றது. சீனியர் ஹெல்பர் வேலையைச் செய்துவிடுவார், ஹெல்பர் சீனியர் வேலையைச் செய்ய முடியாது. அதனால்தான் எங்கே ஓட்டை விழுந்தாலும் சீனியரை வைத்து அடைக்கத் தோன்றுகிறது. மேல் கிரேடை முதலில் நிரப்புங்கள், அப்புறம் கீழே வாருங்கள். கணக்கையும் பாருங்கள்: 10 மணி ஷிஃப்டாக ஆளுக்கு நாலு நாள் வேலை என்ற வாரத்தில், ஒரு ஷிஃப்டில் ஒரு இடத்தை ஏழு நாளும் நிரப்ப இரண்டு பேர் வேண்டும். கிடைப்பது 8 டியூட்டி, மிச்சம் ஒன்றே ஒன்று. ஒருவர் ஒரு வாரம் லீவு போட்டால் மூன்று நாள் காலி. அந்த மூன்று நாளுக்கு யார் என்று சார்ட் ஒட்டும் முன்பே எழுதிவிட வேண்டும். 10 மணி ஷிஃப்ட் மூன்று போட்டால் ஒரு நாளில் 6 மணி நேரம் இரண்டு ஷிஃப்டும் சேர்ந்திருக்கும். புதியவர்களுக்குப் பழக்கிவிட அதைவிட நல்ல நேரம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் அந்த நேரம் வெட்டிப் பேச்சிலேயே போய்விடுகிறது.

வார்டு_சிஸ்டர்:
கிரேடு பார்த்து நிரப்பினால் போதும் என்பதை நான் ஏற்க மாட்டேன். எங்களுக்கு வாரம் மூன்று 12 மணி டியூட்டி. நாலு நாள் ஆஃப் முடிந்து சீனியர் வந்தார். வார்டில் பழைய நோயாளி ஒருவர்கூட இல்லை. ஹேண்ட் ஓவர் அவசரத்தில் முடிந்தது. படுக்கை படுக்கையாக ஜூனியர்தான் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்று, "அக்கா, இவருக்குப் பொட்டாசியம் ஓடுகிறது, பம்ப் வேகத்தை மதியமே குறைத்தாயிற்று, சீட்டில் இன்னும் பழையதுதான் இருக்கிறது" என்றாள். அவளுக்கும் அன்று ஆஃப் விழுந்திருந்தால்? டுபான்ட் சார்ட்டில் (பகலும் இரவும் மாறி வரும் 12 மணி ஷிஃப்ட், நாலு வாரச் சுழற்சி) சேர்ந்தாற்போல 7 நாள் ஆஃப் வருமே, அதில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்: திரும்பி வரும் முதல் டியூட்டியில் சீனியரைத் தனியாக விடுகிறார்களா?