இரண்டரை நிமிடமும் ஒரு மரத்துண்டும்

இரவுப் பணியில் இருப்பவர்கள் தீ ஒத்திகை அனுபவத்தை எழுதச் சொன்னீர்கள். என்னுடையது இது. இங்கிலாந்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஆறு ஆண்டுகளாக இரவுப் பணி பார்க்கிறேன்.

சேர்ந்த புதிதில், தீப்பிடித்தால் ஆட்களை அப்புறப்படுத்த "இரண்டரை நிமிடம்" என்ற பேச்சு காதில் விழுந்தது. எழுந்து நிற்கவே முடியாதவர்களையெல்லாம் அதற்குள் தோட்டத்தில் இறக்குவதா என்று வயிறு கலங்கியது. பிறகுதான் விளங்கியது. தீப்பிடித்த பகுதியில் இருப்பவர்களை மட்டும், அதே தளத்தில், அடுத்த தீத்தடுப்புக் கதவுக்கு அப்பால் சேர்ப்பதற்கான அளவு அது. முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாம்!

ஒத்திகையில் எங்களில் சிலரே படுக்கைகளில் படுத்துக்கொண்டோம். இரவு ஆட்கணக்குப்படி, படுத்தவர்களை அப்புறப்படுத்த இருவர் மட்டும். எந்தப் பகுதி என்று அலாரம் பலகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே ஒரு நிமிடம் போயிற்று. படுத்திருப்பவரை மெத்தையோடு தரையில் இழுத்துச் செல்ல, மெத்தைக்கு அடியில் இருக்கும் இழுவை விரிப்பின் வார்களைத் தேடியதில் இன்னொன்று. முதல் ஆளைக் கதவுக்கு அப்பால் இழுத்துச் சேர்த்தபோது மூன்று நிமிடம் தாண்டியிருந்தது. அந்தப் பகுதியில் இன்னும் ஐந்து படுக்கைகள். தரையில் இழுபட்டவர் சிரித்தார், மேலாளர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் இரவுக்கு மூன்றாவது ஆள் வந்தார், பலகைக்குப் பக்கத்தில் தளத்தின் வரைபடமும் வந்தது.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கதவு மூடியிருந்தால் தூங்க மாட்டேன் என்று ஒரு பாட்டி அடம்பிடிப்பார். மரத்துண்டைச் செருகிக் கதவைத் திறந்தே வைப்பேன். 2004 ஜனவரி 31 அதிகாலையில் ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் இல்லத்தில் நடந்ததைப் பயிற்சியில் சொன்னார்கள். மின்பலகை இருந்த அலமாரியில் தொடங்கிய தீ, 14 முதியவர்களின் உயிரைப் பறித்தது. திறந்திருந்த அறைக்கதவுகள் வழியே புகை புகுந்துவிட்டது. அன்றே மரத்துண்டை எடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கதவில், அலாரம் அடித்ததும் தானே மூடவிடும் பிடிப்பான் இருக்கிறது. பாட்டிக்கும் நிம்மதி.

மறுமொழி: அக்கா, எங்கள் இல்லத்தில் சிக்கல் தாளில் இருந்தது. ஒரு தாத்தாவின் வெளியேற்றத் திட்டத்தில் "ஒருவர் துணையுடன் நடப்பார்" என்று எழுதியிருந்தார்கள். பகலில் பார்த்து எழுதியது. அதிகாலை 3 மணிக்கு அலாரம் அடித்தபோது தூக்க மாத்திரையின் மயக்கத்தில் அவரால் உட்காரக்கூட முடியவில்லை. இருவர் சேர்ந்து தூக்கினோம். நல்லவேளை, பொய் அலாரம். இப்போது ஒவ்வொருவருக்கும் இரவு நிலையைத் தனியாகக் குறிக்கிறோம்.

மறுமொழி: தம்பி, எங்கள் படிவத்தில் இரவுக்கென்று கட்டமே இல்லை. உங்கள் படிவத்தில் இரவு நிலை பற்றி என்னென்ன குறிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வியாழக்கிழமை மேலாளரிடம் காட்ட வேண்டும்.