தாத்தாவின் பேனாக்கத்தி: பிடி எலும்பா, கொம்பா?

எல்லாருக்கும் வணக்கம். இராயபுரத்தில் எங்கள் பழைய வீட்டைக் காலி செய்தபோது, தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு பேனாக்கத்தி கிடைத்தது. ஹார்பரில் வேலை பார்த்தவர். கப்பல்காரர் யாரோ கொடுத்ததாம். அலகின் அடியில் 'ஷெஃபீல்டு' (கத்திகளுக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர்) என்பது மட்டும் படிக்க முடிகிறது. மற்றதை உப்புக்காற்று தின்றுவிட்டது.

என் சந்தேகம் பிடியைப் பற்றித்தான். வரிவரியாகக் கொத்திய பழுப்பு நிறப் பிடி, விரல் படும் இடம் தேன் நிறத்துக்கு வழவழத்துவிட்டது. ஒரு கடைக்காரர் பார்த்ததும் தந்தம் என்றார், இன்னொருவர் பிளாஸ்டிக் என்று திருப்பிக் கொடுத்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடிப் பொடியாகக் கருப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரிகின்றன. எலும்பில் ரத்தக்குழாய் ஓடிய துளைகள் அப்படித்தான் தெரியும் என்பார்கள். செல்லுலாய்டாக (பழைய காலத்துப் பிளாஸ்டிக்) இருந்தால் தேய்க்கும்போது கற்பூர வாசம் வரும், இதில் வரவில்லை. பிளாஸ்டிக் என்றால் உருகும், சூட்டு ஊசி வைத்துப் பார் என்றும் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை.

மாட்டு எலும்பு என்றால் பிரச்சினை இல்லை. கடமான் கொம்பு என்றால் 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். அதனால்தான் உறுதியாகத் தெரிய வேண்டும். விற்கும் எண்ணம் சத்தியமாக இல்லை.

அப்புறம், ஆணி பக்கத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது. ஃபெவிக்விக் விடலாமா, சும்மா விட்டுவிடலாமா? மண்ணடி, வண்ணாரப்பேட்டை பக்கம் இதைப் பதமாகக் கையாளும் ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படங்களைக் கமெண்டில் போடுகிறேன்.