சுவிட்ச் 2: மச்சான் ரொறன்ரோவிலிருந்து கொண்டுவரக் கேட்கிறார், சொல்லலாமா வேண்டாமா?

கராச்சுக்காரன், தருமபுரம்

வணக்கம். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டுக்கரையில் சின்னக் கராச் ஒன்று வைத்திருக்கிறேன். லாண்ட்மாஸ்ரர், தண்ணீர் இறைக்கிற மிசின், சில நேரம் மோட்டார் சைக்கிளும் வரும். மனைவியின் தம்பி ஓகஸ்ட் கடைசியில் ரொறன்ரோவிலிருந்து வருகிறார். "அத்தான், பிள்ளைகளுக்கு என்ன கொண்டுவர?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் மகன் பக்கத்திலிருந்து கத்திவிட்டான், "சுவிட்ச் 2!"

2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நின்டெண்டோ சுவிட்ச் 2தான் அது, ரிவியிலும் கையிலும் வைத்து விளையாடுகிற கேம் பெட்டி. மச்சான் வாங்கித் தருவதாகத்தான் சொன்னார். நான் விடவில்லை, காசு நான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவர் அங்கே இரண்டு வேலை செய்கிற மனிசன். கனடாவில் வெறும் பெட்டி இந்த வருடம் (2025) 629.99 டொலர். ஒன்டாரியோ வரி 13 வீதம் சேர்த்தால் 711 டொலர் தாண்டுகிறது. எங்கள் காசில் ஏறத்தாழ 156,000 ரூபா. சிறுபோக வேலை முடிந்து கராச்சில் கையில் மிஞ்சுகிற காசில் பெரும்பங்கு அது. ஆகவே யோசிக்காமல் தலையாட்ட முடியாது.

மகனுக்கு 13 வயது, மகளுக்கு 10. மகள் இந்த ஓகஸ்ட் 10 புலமைப்பரிசில் சோதனை எழுதுகிறாள். மனைவி சொல்கிறா, சோதனை முடியும்வரை வீட்டில் இந்தக் கதையே எடுக்கக்கூடாது என்று. அது நியாயம். சாமான் வருவதே சோதனைக்குப் பிறகுதான்.

நான் ஏன் இதை இவ்வளவு யோசிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பற்றரி கூட வன்னிக்குள் வரவிடாத காலத்தில் வளர்ந்தவன் நான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுழற்றித்தான் எங்கள் வீட்டில் றேடியோச் செய்தி கேட்டோம். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு மாமா வவுனியாவிலிருந்து ஒரு பிறிக் கேம் வாங்கி வந்தார். மேலிருந்து விழுகிற கட்டைகளை அடுக்குகிற அந்தக் கையடக்கப் பெட்டி. வீட்டில் ஆறு பேர், முறை வைத்து விளையாடினோம். அம்மம்மாவுக்கும் ஒரு முறை இருந்தது. பற்றரி தளர்ந்தால் வெயிலில் காயப்போட்டுத் திரும்பப் போடுவோம். அந்தப் பெட்டியைச் சுற்றி ஆறு தலை முட்டிக்கொண்டு இருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

இப்போது என் மகன் போனில் விளையாடுகிறான். காதில் மாட்டிக்கொண்டு, அறை மூலையில், தனியே. கூப்பிட்டால் கேட்காது. இந்தப் பெட்டி வந்தால் நாலு பேரும் ஒரே பாயில் இருப்போமா, அல்லது இது இன்னொரு மூலையாகப் போய்விடுமா? இதுதான் என் முதல் கேள்வி.

மற்றவை: எங்கள் பக்கம் ஃபைபர் இல்லை, சிம் போட்ட ரவுட்டர்தான். கரண்ட் அடிக்கடி கூடிக் குறையும். பழுதானால் யார் திருத்துவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைப்பெடியன், வவுனியா

அண்ணா, நான் போன் திருத்துகிற கடையில் நிற்கிறேன், கேம் பெட்டிகளும் பார்ப்பேன். முதல் கேள்விக்குப் பதில் எளிது. பெட்டிக்குள்ளேயே ஜோய்-கொன் என்கிற சின்னக் கைப்பிடி இரண்டு வருகிறது. பக்கவாட்டில் பிடித்தால் ஒன்று ஒருவருக்கு. அதாவது ஒரு சதமும் கூடச் செலவில்லாமல் இரண்டு பேர் விளையாடலாம். இன்னும் இரண்டு கைப்பிடி எங்கேயாவது எடுத்தால் மாரியோ கார்ட் வேர்ல்ட் என்ற பந்தயக் கேமில் நாலு பேர் ஒரே ரிவியில் திரையைப் பிரித்து ஓடலாம். பழைய சுவிட்சின் ஜோய்-கொன்னும் இதில் வேலை செய்யும், ஆகவே புதியது தேவையில்லை. ரிவியில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எங்கள் பக்கத்தில் அதுதான் பெரிய விசயம். கடையில் கேம் ஒன்றை அட்டைப்பெட்டியில் வாங்கினால், உள்ளே இருக்கிற சின்னக் கேம் காட்டுக்குள் கேம் முழுதாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சுவிட்ச் 2க்கு வருகிற பல கேம்களில் அது இல்லை. கேம்-கீ காட் என்று ஒரு வகை. காட்டில் இருப்பது திறப்பு மட்டும், கேம் முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் விளையாடும்போது அந்தக் காட் செருகியே இருக்க வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 அப்படித்தான். அதே நேரம் சைபர்பங்க் 2077, அவ்வளவு பெரிய கேம், 64 ஜிபி காட்டில் முழுதாக வருகிறது. கேம்-கீ என்றால் அட்டைப்பெட்டியின் முன்பக்கம் அடியில் அச்சடித்திருப்பார்கள். சிம் ரவுட்டரில் டேற்றாக் காட் போட்டுப் போட்டு ஐம்பது ஜிபி இறக்குவது எவ்வளவு செலவு என்று உங்களுக்கே தெரியும். அந்த எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

உள்ளே 256 ஜிபி இடம் இருக்கிறது. போதாவிட்டால் போனில் போடுகிற சாதாரண மெமறிக் காட் உதவாது, கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகைதான் வேண்டும், விலையும் கூட. முதல் வருடம் அது தேவைப்படாது என்பது என் கணிப்பு.

திருத்தம் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பழைய சுவிட்சில் கைவிரல் தண்டு தானாக நகர்கிற கோளாறு உலகறிந்தது. 2020இல் கம்பனித் தலைவரே மன்னிப்புக் கேட்டார். புதியதிலும் காந்த முறைத் தண்டு இல்லை, உரசித் தேய்கிற முறைதான். உங்கள் பாஷையில் சொன்னால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்வது மாதிரி. தருமபுரத்துப் புழுதிக்கு, விளையாடாத நேரம் துணி போட்டு மூடி வையுங்கள்.

இன்னொன்று. இங்கே யாராவது மலிவாகப் பாவித்த சுவிட்ச் 2 தந்தால் எடுக்காதீர்கள். களவுக் கேம் காட் போட்ட பெட்டிகளை நின்டெண்டோ இணையச் சேவையிலிருந்து தடை செய்கிறது. தடை பெட்டிக்குத்தான். வாங்கினவர் குற்றமற்றவர் என்றாலும் அந்தத் தடை பெட்டியோடுதான் வரும்.

கடற்கரை ரீச்சர், முல்லைத்தீவு

தம்பி, நான் இரண்டு பெடியன்களின் அம்மா. எங்கள் வீட்டிலும் ஒரு கேம் பெட்டி இருந்தது. எந்தக் கம்பனி என்பது இங்கே தேவையில்லை, பிழையும் அதனுடையது அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் ஐப்பசியில் பின்நேர இடி. பிள்ளைகள் விளையாடிவிட்டு சுவரில் உள்ள கரண்ட் சுவிச்சை மட்டும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள், பிளக் கழற்றவில்லை, டிஷ் வயரும் ரிவியில். ஒரு வெட்டு. ரிவியும் பெட்டியும் சேர்ந்து போயின. சின்னவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆகவே மழை இருண்டால் பிளக்கையும் டிஷ் வயரையும் கையால் கழற்றுவது யாருடைய வேலை என்று முதலே பேசி வையுங்கள். நீங்கள் வாங்கப்போவதில் ஒரு நன்மை, அதை ரிவியோடு இணைக்கிற தாங்கியிலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். கரண்ட் இல்லாவிட்டாலும் சொந்தப் பற்றரியில் ஓடும்.

நான் உங்கள் இடத்தில் என்றால் பழைய சுவிட்சைத்தான் எடுப்பேன். 2017இலிருந்து வந்த கேம்கள் எத்தனையோ இருக்கின்றன, பாவித்த காட்டுகள் மலிவு, பிள்ளைகள் மாற்றி மாற்றி விளையாடலாம். உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அதில் எல்லாமே புதுசுதானே. 156,000 என்பது சின்னக் காசில்லை.

வாங்குவதென்றே முடிவு செய்தால் ஒன்றுக்கு ஆயத்தமாக இருங்கள். உங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாரும் உங்கள் விறாந்தையில் நிற்பார்கள். எங்கள் வீட்டில் சனிக்கிழமை என்றால் ஒன்பது சோடிச் செருப்பு வாசலில் கிடக்கும். நான் அதை விரும்பினேன். எல்லா வீட்டுக்கும் அது ஒத்துவராது, மனைவியிடம் கேளுங்கள்.

பனியில் ஒரு வன்னியன், ஸ்காபரோ

மாங்குளத்தில் பிறந்து இங்கே வந்தவன். உங்கள் மச்சானிடம் சொல்ல வேண்டியதை நான் எழுதுகிறேன்.

மாரியோ கார்ட் சேர்த்து 699.99 டொலருக்கு ஒரு கட்டு இந்த வருடம் (2025) விற்கிறார்கள். வெறும் பெட்டியை விட 70 டொலர்தான் கூடுகிறது, அந்தக் கேமைத் தனியே எடுத்தால் அதைவிடக் கூடும். ஆனால் கட்டில் வருவது காட் இல்லை, இறக்கிக்கொள்கிற கேம், 20 ஜிபிக்கு மேல். இதற்கு வழி இருக்கிறது. மச்சான் ரொறன்ரோவிலேயே பெட்டியைப் பிரித்து, தன் வீட்டு வைஃபையில் சிஸ்ரம் புதுப்பிப்பையும் கேமையும் இறக்கிவிட்டுக் கொண்டுவரட்டும். பழைய சுவிட்ச் கேம் ஓடுவதற்கும் அந்தப் புதுப்பிப்பு வேண்டும். புதுப்பெட்டி பிரிக்கிற சந்தோசம் மகனுக்குப் போய்விடும் என்று யோசிக்காதீர்கள், தருமபுரத்தில் பிரித்துவிட்டு கேம் இறங்குவதைக் காட்டுகிற கோட்டை மூன்று நாள் பார்த்துக்கொண்டு இருப்பதை விட இது நல்லது.

கவனம்: அவருடைய கணக்கில் இறக்க வேண்டாம். உங்கள் பெயரில் ஒரு நின்டெண்டோக் கணக்குத் திறந்து அதில் இறக்கச் சொல்லுங்கள், கேம் அந்தக் கணக்கோடுதான் ஒட்டும். இலங்கைக்கென்று அவர்களின் இணையக் கடை இல்லை, கணக்கைக் கனடா என்று வையுங்கள்.

யாராவது யப்பானிலிருந்து மலிவாக எடுத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம். 2025இல் 49,980 யென்னுக்கு அங்கே விற்பனைக்கு வந்தது யப்பான் மொழியில் மட்டும் இயங்குகிற பெட்டி. சார்ஜர் 100 முதல் 240 வோல்ற் வரை தாங்கும், பிளக் மாற்றி ஒன்று போதும். பற்றரி கேமைப் பொறுத்து 2 மணியிலிருந்து 6.5 மணிவரை.

வெக்கை பற்றி யாரும் சொல்லவில்லை. 5 முதல் 35 பாகை வரை என்பதே கம்பனி சொல்கிற அளவு. தகரக் கூரை என்றால் மத்தியானம் விளையாட விடாதீர்கள்.

கராச்சுக்காரன், தருமபுரம்

எல்லோருக்கும் நன்றி, நேற்றிரவு மனைவியோடு இருந்து ஒவ்வொன்றாக வாசித்தேன்.

ரீச்சர் அக்கா சொன்ன பழைய சுவிட்ச் பக்கம் என் மனம் ஒருமுறை சாய்ந்தது. பிறகு பாவித்த பெட்டி, தேய்ந்த தண்டு, பழைய பற்றரி என்று நினைத்தேன். பாவித்த எஞ்சின் வாங்கி என்னிடம் திருத்தக் கொண்டுவருகிறவர்களின் கணக்கு எனக்குத் தெரியும், இரண்டாம் வருடம் புதியதின் விலை வந்துவிடும். பழைய கேம் காட்டுகளில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும் என்பதால் அக்கா சொன்ன மலிவு அதிலும் கிடைக்கிறதுதானே. ஆகவே பெட்டி புதியது, காட்டுகள் பழையவை.

மச்சானுக்கு எழுதிவிட்டேன்: கட்டாக எடுங்கள், என் கணக்கில் அங்கேயே இறக்குங்கள், பழைய ஜோய்-கொன் ஒரு சோடி எங்கேயாவது கிடைத்தால் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அவர் ஒரு சோடி தன் மகனிடமே சும்மா கிடக்கிறது என்றார். பாதிக் காசு இப்போது, மீதி பெரும்போக வேலை தொடங்கியதும்.

மனைவி ஒரு நிபந்தனை போட்டா. பெட்டி அறைக்குள் போகாது, விறாந்தை ரிவியோடு மட்டும். கரண்ட் நின்றால் கையில் வைத்து விளையாடலாம், அதுவும் விறாந்தையில். நேரக் கணக்கு அவவின் போனில் இருக்கும், பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலி ஒன்று இருக்கிறதாம். மகன் ஒத்துக்கொண்டான். மகளுக்கு இன்னும் சொல்லவில்லை, சோதனை முடியட்டும்.

மழை இருண்டால் பிளக் கழற்றுவது என் வேலை. ரிவியில் எச்டிஎம்ஐ துளை இரண்டு இருக்கிறது, பார்த்துவிட்டேன். ரீச்சர் அக்கா, பாய் இரண்டு கூட வாங்கி வைக்கிறேன்.